அப்பத்தாவும் ரெண்டு ஷாக் அப்சர்வரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பதினான்கு வருஷமாக புனேயில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஆள். ஸ்டெப்னி மாற்றியதைத் தவிர கார் விஷயத்தில் கையை அழுக்காக்கியது கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து, முகமெல்லாம் துரு கொட்ட, காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். அந்தக் கதைதான் இது.

(அது அப்சர்வர் இல்லை, அப்சார்பர் என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்க ஊர் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அது அப்சர்வர்தான். வம்பே வேண்டாம், இனிமேல் ஷாக் என்றே எழுதுகிறேன்.)

அம்மாவுக்கு அருப்புக்கோட்டை. அப்பா போன பிறகு வருஷத்தில் ஐந்து மாசம் எங்களோடு, மீதி அக்கா வீட்டிலும் சொந்த வீட்டிலுமாக ஓடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுப் பின்கட்டில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்ததில் முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. பெல்ட், மாத்திரை, ஓய்வு என்று மூன்று மாசத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். "எலும்பு தேஞ்சுபோன வயசு. கனம் தூக்கக்கூடாது, குலுங்கக்கூடாது, ஆட்டோ பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதனால் புனேயில் அம்மாவுக்கு ஆட்டோ கிடையாது. எங்கே போனாலும் நம்ம கார்தான். டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிற மகன் என்று எனக்கு என்மேல் ரொம்பத் திருப்தி.

போன தடவை வந்தபோது முதல் ரெண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்கி பக்கம் நம்ம ஆட்கள் கும்பிடும் கோயிலுக்குப் போவோம். அம்மாவுக்கு அங்கே தமிழில் பேச நாலு பேர் கிடைப்பார்கள். மூன்றாவது வாரம், "நீங்க போய்ட்டு வாங்கய்யா, எனக்கு முட்டி வலிக்குது" என்றார். அடுத்த வாரம் விரதம். அதற்கடுத்த வாரம் டிவியில் ஏதோ பார்க்க வேண்டுமாம். மாலுக்கு வரவில்லை, நண்பர் வீட்டுப் பிறந்தநாளுக்கு வரவில்லை. ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "ஏய்யா, ஊருக்கு டிக்கெட்டு போட்ரு. போய் வீட்டைப் பாக்கணும்" என்றார். கிளம்ப இன்னும் ஆறு வாரம் பாக்கி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சராசரித் தமிழ் மகன் என்ன நினைப்பானோ அதையேதான் நானும் நினைத்தேன். தங்கமணியிடம் போய், "அம்மாட்ட ஏதாச்சும் சொன்னியா?" என்று கேட்டேன். அதன் பிறகு ரெண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது :-)

உண்மையைச் சொன்னது என் மகள். எட்டு வயசு. சாப்பிட்டுக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்: "கோயிலுக்குப் போற வழியில இருவத்தி மூணு ஸ்பீட் பிரேக்கர் இருக்குப்பா. நானும் அப்பத்தாவும் எண்ணுவோம்."

"எதுக்குடா எண்ணுறீங்க?"

"அப்பத்தாதான் சொல்லிக் குடுத்தாங்க. ஒவ்வொண்ணு வர்றப்பவும் கண்ண மூடி முருகான்னு சொல்வாங்க. கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு சீட்ல இருந்து கொஞ்சம் எந்திரிச்சுக்குவாங்க. அப்புறம் இன்னும் எத்தன பாக்கின்னு கேப்பாங்க. நான் சொல்லணும்."

பேத்திக்கு அது விளையாட்டு. எனக்கு வாய்க்குள் போன சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கார்ல சொகமாத்தான இருக்கு" என்றார். நீங்களும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பீர்கள். சோறு போதுமா, போர்வை போதுமா, முதுகு வலிக்கிறதா, எல்லாவற்றுக்கும் நம்ம அம்மாக்களிடம் இருப்பது ஒரே பதில்தான்.

மறுநாள் காலையில் சாவியைத் தங்கமணியிடம் கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டு, அம்மா வழக்கமாக உட்காரும் இடது பக்கப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். 2014-ல் வாங்கிய கார் அது. சின்ன ஹாட்ச்பேக். தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் நானே ஓட்டியிருக்கிறேன். அதன் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

டவுன் பஸ்ஸில் கடைசி சீட் என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்குத் தெரியும். அதே கதைதான். டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. சின்ன காரில் பின் சீட் கிட்டத்தட்ட பின் அச்சின் மேலேயே இருக்கிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது நான் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுவேன். பின் சக்கரம் ஏறும்போது வண்டி வேகம் எடுத்திருக்கும். முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே "டொக்" என்று அடியில் ஒரு இடி. அது அப்படியே இடுப்பில் ஏறியது. அதற்குப் பிறகும் பின்பக்கம் ரெண்டு மூன்று தடவை ஊஞ்சல் ஆடித்தான் அடங்கியது. இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்ததில்லை. நாலாவது ஸ்பீட் பிரேக்கரில் நானும் கைப்பிடியைப் பிடித்திருந்தேன்.

அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். "சஸ்பென்ஷன் ஓகே" என்று டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள். எந்த சர்வீஸ் சென்டர் என்பது வேண்டாம். நானும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

ஷாக் என்ன வேலை செய்கிறது என்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு தடவை அமுக்கினால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சின்னச் சின்ன ஓட்டைகளும் வால்வும் உள்ள பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அதில் ஆட்டத்தின் சக்தியெல்லாம் சூடாக மாறிப் போய்விடுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆளில்லை. அப்புறம் ஸ்பிரிங் வைத்ததுதான் சட்டம்.

இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. டிக்கி மூலையைக் கையால் நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். ஏறி ஒரு தடவை இறங்கி நின்றுவிட்டால் பரவாயில்லை. அதற்கு மேலும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். என் கார் தாராளமாக நாலு தடவை தலையாட்டியது. குனிந்து பார்த்தால் ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்து அதன்மேல் மண் அப்பியிருந்தது. டயரை உள்ளங்கையால் தடவினால் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது. அதுவும் இதற்கு ஒரு அடையாளமாம்.

ஏன் கராஜில் விடவில்லை என்று கேட்பீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை ஓகே என்று சொன்னவர்களிடம் திரும்பப் போக மனசு வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, இதை நானே செய்ய வேண்டும் போலிருந்தது.

கீழ் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். தாபோடியில் இருக்கிற மகாராஷ்டிர அரசு பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எல்லோரும் அவரைக் காகா என்பார்கள். நம்ம ஊரில் அது வடை திருடும், மராத்தியில் அது சித்தப்பா. விஷயத்தைச் சொன்னதும் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முன்பக்கம்னா நீ தொடவே கூடாது. பின்பக்கம்னா பண்ணலாம்" என்றார். காரணம் இதுதான்: முன்னால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்திருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். தெரியாமல் நட்டைக் கழற்றினால் அது சீறி வந்து ஆளையே அடித்துவிடும். என் காரில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. மேலே ஒரு நட்டு, கீழே ஒரு போல்ட், அவ்வளவுதான்.

அப்புறம் காகா ஹிந்தியில், "உனக்கு ரெண்டு கோடி வேணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடி என்றால் பெண் குதிரையாம், காருக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். "ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இல்ல. கோடி வெக்காம வண்டிக்கு அடியில தலைய நீட்டினா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்" என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டார்.

நானா பேட்டில் உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காரின் மாடலையும் வருஷத்தையும் சொல்லி ஒரு ஜோடி ஷாக் வாங்கினேன், 2,800 ரூபாய். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் ரெண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நொண்டும். கூடவே ரப்பர் ஸ்டாப்பர் ஒரு ஜோடி. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் நிற்கிற ரப்பர் அது. என் காரில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. "டொக்" சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

கடைக்காரர் "கேஸ் ஷாக்" என்று பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டு நாலாவது மாடி நண்பர், "என் வண்டி மாதிரியே காத்துல ஓடறதா?" என்றார். அவருடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய வெளிநாட்டு வண்டி. அதில் இருப்பது ஏர் சஸ்பென்ஷன். ரெண்டும் வேறு வேறு. கேஸ் ஷாக்கில் இருக்கும் நைட்ரஜன் பாரம் தாங்குவதற்காக இல்லை. எண்ணெய் நுரைக்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அதை அடைக்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. ரப்பர் பைக்குள் அடைத்த காற்றுதான் வண்டியைச் சுமக்கிறது. பின்னால் ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு சென்சார் கண்டுபிடித்துச் சொல்லும், கம்ப்ரஸர் காற்றடித்துப் பழையபடி தூக்கிவிடும். 1957-லேயே கெடிலாக் கார் ஒன்றில் இது வந்துவிட்டது. 2001-ல் நம்ம நாட்டுக்கு வந்த வால்வோ பி7ஆர் பஸ் அவ்வளவு மெத்தென்று போனதற்கும் காரணம் இதே காற்றுப் பைதான். ஆனால் அந்த ரப்பர் வயசானால் வெடிக்கும். நண்பரின் வண்டி ராத்திரி ஒழுங்காக நிற்கும், காலையில் பார்த்தால் பின்பக்கம் யானை மாதிரி உட்கார்ந்திருக்கும். கசிகிற பைக்குக் காற்றடித்து அடித்தே கம்ப்ரஸரும் போய்விடும். அவருக்குச் சொன்ன எஸ்டிமேட்டில் என் காரையே வாங்கிவிடலாம். "உங்கள் வண்டி வேலைக்கு நான் வரமாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரியே நட்டு போல்ட்டெல்லாம் டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேலையை ஆரம்பித்தோம்.

முதல் பாடம் ஹேண்ட் பிரேக். அதை இழுத்துவிட்டால் வண்டி நகராது என்று தைரியமாக இருந்தேன். "பின்னால தூக்கிட்டா உன் ஹேண்ட் பிரேக் எதப் பிடிக்கும்?" என்று கேட்டார் காகா. சரிதான், அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். அது அந்தரத்தில் நிற்கும்போது பிடித்து என்ன பயன்? அதனால் முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, ஜாக்கியால் தூக்கி, ரெண்டு குதிரைகளையும் சரியான இடத்தில் நிறுத்தினோம். வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காகா என்னை அடியில் விட்டார்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இன்னொரு ஜாக்கியை பின் அச்சுக்கு அடியில் லேசாகக் கொடுத்தோம். ஷாக்கைக் கழற்றியதும் அச்சு தொங்கி பிரேக் குழாயை இழுத்துவிடக்கூடாது, ஸ்பிரிங்கும் நழுவக்கூடாது. அதற்காகத்தான் இது. மேல் நட்டு டிக்கிக்குள், பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் இருந்தது. ஸ்பேனரைத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் தண்டும் சுற்றியது. தண்டின் நுனியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டுமாம். கீழ் போல்ட் பத்து வருஷத்துக்கு மேலான துருவில் ஊறிக் கிடந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி முழு பலத்தையும் போட்டபோது "டக்" என்று ஒரு சத்தம். போல்ட் ஒடிந்துவிட்டது என்று நினைத்தேன். நல்லவேளை, இளகியிருந்தது.

நடுவில் சொசைட்டி செக்ரெட்டரி வந்து, பார்க்கிங்கில் ரிப்பேர் வேலை கூடாது என்று ரூல் சொன்னார். காகா மராத்தியில் என்னமோ சொன்னார். அதில் "ஆயி" என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மா. செக்ரெட்டரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எண்ணெய் கொட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றிய பழைய ஷாக்கைக் கையில் எடுத்து அமுக்கினேன். சைக்கிள் பம்ப்பில் வாஷர் போனால் எப்படி இருக்கும், அப்படிச் சரக்கென்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. புதுசை முழு உடம்பு பலத்தோடு அமுக்க வேண்டியிருந்தது, விட்டால் மெதுவாகத் தானே எழுந்தது. இந்தச் செத்த குழாயை நம்பித்தான் அம்மாவை ஆட்டோவில் ஏற்றாமல் பத்திரமாகக் கூட்டிப் போயிருக்கிறேன்.

புது ஷாக்கைச் செங்குத்தாகப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுத்து, உள்ளே எங்கேயாவது தங்கியிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுப் பூட்டினோம். காகா கடைசியாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்று. கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக முறுக்கக்கூடாது. வண்டியின் பாரம் அச்சில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். மத்தியானம் ஒரு மணிக்கு வேலை முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்களாம்.

சாயந்தரம் பெட்ரோல் பங்கில் இன்னொரு குற்றமும் வெளியே வந்தது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் டயருக்குக் காற்று 30 என்று போட்டிருக்கிறது. மைலேஜுக்காக நான் எப்போதும் 36 அடித்துக்கொண்டிருந்தேன். டயர் கல்லு மாதிரி இருந்தால் குலுக்கல் எங்கே போகும்? லிட்டருக்கு ஏதோ கொஞ்சம் மிச்சம் பிடித்திருப்பேன். யார் முதுகில் என்பதைத்தான் பார்க்கவில்லை.

ஸ்பீட் பிரேக்கரையும் சும்மா விடவில்லை, படித்துப் பார்த்தேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி ஒரு மேடு 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிந்து ஏறி இறங்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கான அளவு அது. எங்கள் ஏரியாவில் இருக்கிற சிலது, ரோட்டில் படுத்திருக்கும் ஆள் மேல் தார் ஊற்றிய மாதிரி இருக்கும். அதை நான் மாற்ற முடியாது. பின் சக்கரமும் இறங்கி முடிகிற வரைக்கும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருக்க முடியும். பாதி வலி அதிலேயே குறைந்துவிடுகிறது என்பது நான் மறுபடியும் பின் சீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவை முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். "அது அவ சீட்டுய்யா" என்று மறுத்துவிட்டார். தங்கமணி எதுவும் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "அத்தை, முன்னால ஏறுங்க. எனக்கு இவ கூட வெளையாடணும்" என்றாள். அம்மா ஏறினார். அவளிடம் நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அதற்கு மன்னிப்பு கேட்டுவிட்டேன், ஆனால் அது தனிக் கதை.

கோயிலில் இறங்கியதும் மகள் ரிப்போர்ட் கொடுத்தாள். "அப்பா, இருவத்தி மூணுலயும் அப்பத்தா கண்ண மூடல. நான் பின்னாலருந்து எட்டி எட்டிப் பாத்தேன். ஆனா கைப்பிடிய மட்டும் விடவே இல்ல."

பழகின கை. சீக்கிரம் விடாது. அந்தத் தடவை டிக்கெட் போட்டதென்னவோ ஆறு வாரம் கழித்துத்தான்.

உங்கள் வீட்டுக்கும் ஊரிலிருந்து அம்மாவோ மாமனாரோ வந்திருப்பார்கள். காரில் ஏற்றி ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவீர்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொகமாத்தான் இருக்கு என்பார்கள். ஒரு நாள் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, பின்னால் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து வாருங்கள். ஷாக்கை நீங்களே மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை, அதற்கு ஆள் இருக்கிறார்கள். மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மட்டும் நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பி.கு: காகாவுக்கு நன்றியாக அம்மா கருப்பட்டிப் பணியாரம் செய்து கொடுத்தார். அதிலிருந்து அவர் வாரம் ஒரு தடவை என் காரைக் குனிந்து பார்த்துவிட்டு, வேறு ஏதாவது ரிப்பேர் இருக்கிறதா என்று அக்கறையாக விசாரிக்கிறார் :-)